கல்யாண கேசட்டில் அவர் கால்

பிரிக்பீல்ட்ஸ்,
18.8.1996

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் பாக்கியம் வணக்கம் சொல்லி எழுதுறேன். உங்க முட்டி வலி இப்போ தேவலையா? நான் நல்லா இருக்கேன், சாப்பாட்டுக்கும் குறையில்லை.

நான் கூட்டிப் பெருக்குற யுனிவர்சிட்டி ரூமில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வீடியோ படத்தைப் போட்டால் எது நகருது, எந்தப் பக்கம் நகருதுன்னு அதுவே பார்த்து சின்னச் சின்ன அம்புக்குறி போடும். அங்கே பாடம் நடத்துற ரமணி டீச்சர் ரோட்டில் போற லோரியை வச்சு அதைப் பழக்குறாங்க. நம்ம தனலெட்சுமி கல்யாண கேசட்டைப் போட முடியுமான்னு கேட்டேன். "கொண்டாங்க லா அக்கா"ன்னு சிரிச்சாங்க.

தங்கச்சி கல்யாணம் பிடிக்காமல் உங்க மகன் அன்னைக்குக் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார், அந்தக் கோபம் தீராமலேயே மறு மாசம் போய்ச் சேர்ந்துட்டார்னுதானே நீங்க அவளை வாசப்படி ஏறவிடலை. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அத்தை, மேளம் வாசிக்கும்போது அவர் வேட்டிக்குக் கீழே ஒரு அம்புக்குறி மேலேயும் கீழேயும் போய் வந்துச்சு.

"கேமராக்காரர் கை ஆடியிருக்குமோ?"ன்னு கேட்டேன்.

"அந்த ஆட்டத்தைக் கழிச்சாச்சுக்கா. இது அவர் பாதம்தான். தாளம் போடுறார்"ன்னாங்க.

மூணு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

வர்ற ஞாயிறு காலையில் எஸ்டேட் கடை போனுக்குக் கூப்பிடுறேன், பக்கத்தில் இருங்க. விசேஷம் ஒண்ணும் இல்லை, சும்மா பேசத்தான்.

பஸ் வந்துடும், நிறுத்திக்கிறேன். தீபாவளிக்குத் தனலெட்சுமியையும் மாப்பிள்ளையையும் நீங்களே கூப்பிடுங்க அத்தை. அவர் இருந்தால் கூப்பிட்டிருப்பார்.

பாக்கியம்