உறுமாத ஓநாய்

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு ஒரு முழு நாவல்! இத்தனை வருடமாக லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன", போனில் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று குரல் கொடுத்தே பிழைத்தவள் நான். இப்போது போர் நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாகப் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல்: வெள்ளிக்கிழமை மூன்றாம் அத்தியாயத்தைப் பேசிக் காட்ட வேண்டும். ஒலிப்பதிவு இயக்குநருக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆள்.

மார்ச் 4

அந்த அத்தியாயத்தில் ஒரு தளபதி. ஊரைக் கொளுத்தச் சொல்கிறவன். வீரர்கள் அவனை 'ஓநாய்' என்கிறார்கள். "உறுமணும்மா. கேக்கிறவங்களுக்குக் குலை நடுங்கணும்" என்றார் இயக்குநர்.

குளியலறையில் உறுமிப் பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார். மானம் போயிற்று.

மார்ச் 5

தொண்டை கட்டியதுதான் மிச்சம். எனக்கு ஒரு சந்தேகம் வேறு. இந்தத் தளபதி தன் நாயின் காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டே, அதைக் கொஞ்சிக்கொண்டே அல்லவா கட்டளை போடுகிறான்? எந்த ஓநாய் ஊரைக் கொளுத்தியது? செய்வதெல்லாம் மனிதன், பழி மட்டும் அதன் தலையில்.

மாலை —

பிடிபட்டுவிட்டது! மடியில் பூனையை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அதே குரலில், திரும்பிக்கூடப் பார்க்காமல், கணவரிடம் "கட்டில்ல கிடக்கிற ஈரத் துண்டை எடுக்கலைன்னா உங்களைக் கொன்னுடுவேன், சரியா கண்ணு?" என்றேன். மனிதர் துள்ளி எழுந்தார். "நீ கத்தினாக்கூடப் பரவாயில்லை. இப்படிக் கொஞ்சிக்கிட்டே மிரட்டாதே."

அவரைக் கட்டிக்கொண்டேன். துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மார்ச் 6, வெள்ளி

உறுமவில்லை. தளபதி தன் நாயைக் கொஞ்சும் குரலிலேயே, "விடியறதுக்குள்ள அந்த ஊர்ல ஒரு கூரை நிக்கக்கூடாது. போயிட்டு வாங்கப்பா" என்றேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, கையில வந்ததை நானே கெடுத்துக்கிட்டேன் —

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றினார். "ஓநாய் எங்கம்மா?"

"அவன் ஓநாய் இல்ல சார், மனுஷன். அதான் பயமா இருக்கு."

"சொல்லி அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 7

போன் வரவில்லை. பூனையிடம்கூடப் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 9

வந்தது! வந்தது! வந்தது! முப்பது அத்தியாயமும் எனக்கே!

மார்ச் 27

கடைசி அத்தியாயம் முடிந்தது. வெடிமருந்து சுமக்கும் கோவேறு கழுதை பாலத்தின் நடுவே நின்றுவிடுகிறது. தளபதி தேனொழுகக் கொஞ்சுகிறான், கெஞ்சுகிறான். ம்ஹூம். நாவல் முழுக்க அவன் பேச்சைக் கேட்காத ஒரே ஜீவன் அதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி பேச வேண்டியதாயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கா, கழுதைக்கா? கேட்கவில்லை. யாருக்கானாலும் எனக்குச் சந்தோஷம்தான்.