ரீட்டா வீட்டு நெட்

2009 ஏப்ரல் 17, வெள்ளி

காலையிலேயே வெயில். கரண்ட் போய்ப் போய் வந்தது.

மத்தியானம் குவைத்திலிருந்து ஜெனி அப்பா, வீடியோவில். முதலில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும். மீதி வருவதற்குள் குரல் போய்விட்டது. குரல் வந்ததும் கேட்டேன்: "ஜெனிக்கு மே கடைசி ஞாயிறு புதுநன்மை. லீவு சொல்லிட்டீகளா?" வாய் திறந்தபடி முகம் நின்றுவிட்டது. போன வாரமும் இதே கேள்வியில்தான் நின்றது. சனியன் பிடித்த நெட்டுக்கு அந்தக் கேள்விமேல் என்ன கோபமோ. "நெட்டு இழுக்குது மேரி, பெறகு பேசுறேன்." அவ்வளவுதான் கேட்டது.

சாயங்காலம் பக்கத்து வீடு. ரீட்டா, கொழுந்தனார் பெண்டாட்டி. எனக்குப் பின்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்தவள், எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவள். கொழுந்தனார் பஹ்ரைனில். அவர்கள் கம்ப்யூட்டரில், அவர் முகத்தில் சவரம் செய்தபோது பட்ட வெட்டுவரை தெரிகிறது. அவர்கள் மகள் ஷைனிக்கும் அதே நாள்தான் புதுநன்மை, முதல் நற்கருணை. வெள்ளை கவுனைத் தூக்கிக் காட்டினார். பாசிமணி ஒவ்வொன்றும் மின்னியது.

"டிக்கெட் போட்டாச்சு மதினி. அண்ணன் எப்ப வர்றாகளாம்?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"ஒங்க நெட்டு அப்படிக்கா. எங்க வீட்டுல ஒருநாளும் நிக்காது" என்றாள் ரீட்டா. அந்த 'ஒருநாளும்' இருக்கிறதே, பத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஒரே கம்பம், ஒரே பிளான், ஒரே மாதம் வாங்கிய கனெக்‌ஷன். எனக்கு மட்டும் ஏன்?

18, சனி

ஜெனி கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போனதும் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். டெம்ப் ஃபைல் எல்லாம் அழித்தாயிற்று. மேலே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த டூல்பார்கள், எப்போது வந்தவையோ, நீக்கினேன். வைரஸ் பார்க்கிற சாமான் நமக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எதையோ இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நிறுத்தினேன். உளுந்து ஊறப்போட மறந்தேன்.

கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வீட்டுப் போன் அடித்தால் மோடத்தில் பச்சை விளக்கு அணைகிறது. பேசி முடித்தால் எரிகிறது. முன்பு கவனித்ததில்லை.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் ரீட்டாவின் மோடத்தைப் பார்த்தேன். அவள் போனில் சிரித்துப் பேசுகிறாள், பச்சை விளக்கு பாட்டுக்கு எரிகிறது. நம் வீட்டிலும் கறிவேப்பிலை மரம் இருப்பது திரும்பி வரும்போதுதான் ஞாபகம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தேவலை.

மேற்கே மலைமேல் மேகம். இடி இடித்து அவள் மோடம் புகைந்து போகாதா என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். இப்போதிருக்கிற சாமியார் ரீட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். சொல்லப்போவதில்லை.

21, செவ்வாய்

புழுக்கம். ஒருவழியாக உத்தமபாளையத்திலிருந்து லைன்மேன். வந்தவர் மோடத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் இருந்து வயரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"போனையும் நெட்டையும் பிரிக்கிறதுக்குத்தான் இந்த வெள்ளப் பெட்டி, ஸ்பிளிட்டரு. அதுக்கு முன்னாடியே யாரோ வயரைப் பிரிச்சு, அந்தக் கட்டிலுக்குப் போன் கொண்டுபோயிருக்காகக்கா. இது இருக்குறவரைக்கும் நெட்டு அறுந்து அறுந்துதான் வரும்."

அந்த 'யாரோ' ஜெனி அப்பா. போன லீவில், அவர் அப்பா, என் மாமா, கட்டிலில் படுத்தபடியே பேசட்டும் என்று, ஸ்டூல்மேல் ஏறி டேப் சுற்றினார். இதுக்கெல்லாம் எதுக்கு லைன்மேன் என்றார். டார்ச் பிடித்தது நான். நானோ இவ்வளவு நாளும் ரீட்டா கண் பட்டுவிட்டது என்றல்லவா நினைத்தேன்!

"பெட்டிக்கு அங்கிட்டு இருந்து புது வயர் இழுத்தா அந்தப் போனும் இருக்கும். வாங்கி வைங்க, அடுத்த வாரம் வர்றேன்."

அடுத்த வாரம்வரை யார் பொறுப்பது. இப்போதே கழட்டுங்க என்றேன்.

"ஏத்தா, எம் போனு என்ன பாவம் பண்ணுச்சு?" மாமா.

"ஒங்க மகன் மொகம் தெரியணும்ல மாமா."

சும்மா ஆகிவிட்ட போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நெட் பறக்கிறது! பேப்பர் பக்கம் படத்தோடு பட்டென்று திறக்கிறது. ரீட்டாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "நல்லாருக்குக்கா" என்றாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கவில்லை என்றாலும் சுருங்கியதாகவே எழுதிவைக்கிறேன்.

24, வெள்ளி

வெயில். தலைக்குக் குளித்து ரோஸ் சேலை. ஜெனி ரீட்டா வீட்டில். மாமா தூக்கம்.

முழு முகமும் வந்தது. காதுக்கு மேல் நரைத்திருக்கிறது. யாரும் சொல்லவில்லையே. பின்னால் இரட்டைக் கட்டில், நீல வாளி, கொடியில் சட்டைகள். நெட் சரியானதை நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன். அவர் வழக்கம்போல, "கேக்குதா? கேக்குதா?"

"கேக்குது. லீவு என்னாச்சு?"

வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டார். முதலில் மோடத்தைத்தான் பார்த்தேன். பச்சை விளக்கு நன்றாக எரிந்தது.

அவருக்குப் பின்னால் ரூம்காரர், குமுளி மலையாளி, தோளில் துண்டோடு நடந்து வந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "சேச்சி, சுகமல்லே?" வாளியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஜெனி அப்பா அசையவே இல்லை.

பிறகு கண் சிமிட்டினார். "நெட்டு இழுக்குது மேரி, பெறகு..."

"ஆமா, இங்கனயும் இழுக்குது" என்றேன்.

வரமாட்டார். லீவு கிடைக்கவில்லையோ, கேட்கவே இல்லையோ. அதை என்னிடம் சொல்ல முடியாமல் எத்தனை வெள்ளிக்கிழமை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரோ. கோபம் வரவேண்டும். அதற்குள் கொழுந்தனார் அந்த கவுனோடு கோயில் வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்து வயிறு எரிகிறது. ஜெனி பக்கத்தில் யார் நிற்பது?

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ரீட்டா. "அக்கா, அத்தான் இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சாகளா?"

"இல்லடி. பழையபடி நின்னுபோச்சு."

"அப்படியா? இருங்க, வந்து பாக்குறேன்."

அவள் வருவதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். லைன்மேன் கழட்டிப்போன வயரை, ஜெனி அப்பா முறுக்கியிருந்த அதே இடத்தில் முறுக்கி, டேப் சுற்றினேன். சத்தத்தில் மாமா விழித்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"வந்துருச்சுத்தா" என்றார்.