பத்தொன்பதில் உடையும் எண்

சிலிண்டர் கொண்டுவந்தவர் இன்று காலை வாசலில் நின்று போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார். நானோ அதைப் பத்தொன்பதால் வகுத்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்கம்மா, நம்பரைச் சொல்லுங்க, வண்டி நிக்குது" என்று அவர் குரலை உயர்த்திய பிறகுதான் சுயநினைவு வந்தது. நீயே போய்விட்டாய், நீ ஏற்றிவிட்ட இந்தப் பேய் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது. எந்த எண்ணைக் கண்டாலும் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று உடைத்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் ஒரே பள்ளியில் நீ கணக்கு டீச்சர், நான் தமிழ். குடியிருந்ததும் ஒரே அறையில். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன சேலத்துக்காரர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். உன் அப்பா அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். "சேர்வராயன் கோயில்ல பூக் கேட்டுரலாம் கண்ணு. ரெண்டு பொட்டலத்துல ஒண்ணை எடு. வெள்ளைப் பூ வந்தா முடிச்சுரலாம், செவப்பு வந்தா உட்ரலாம்" என்றார்.

"நானே போய்க் கேட்டுட்டு வர்றேனுங்கப்பா" என்றாய்.

துணைக்கு நான் வந்தேன். குகைக் கோயிலுக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வெளியே வந்ததும், கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டாய். "பூ வேண்டாம் புள்ள. நம்பர் கேக்கப் போறேன்." இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினாய். 510511. "இது உடையலைன்னா கல்யாணம் இல்லை. உடைஞ்சா கழுத்தை நீட்டறேன்."

 நிதானமாக ஒவ்வொன்றாலும் வகுத்தாய். ஒவ்வொரு தடவையும் மீதி ஒன்று. பதினேழிலும் ஒன்று. சாக்பீஸைத் தூக்கி எறிந்தாய். "உடையலை. வா, போலாம்."

இறங்கும் வழியெல்லாம் எனக்கு மனசு அரித்தது. அடுத்தது பத்தொன்பதுதானே, அதை ஏன் விட்டாய்? பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே வகுத்தேன். மீதியே இல்லை. "ஏ புள்ள, பத்தொம்பதுல உடையுது!" என்று ஓடி வந்தேன்.

"தெரியும்" என்றாய், திரும்பாமலேயே. "பெருக்கி ஒண்ணு கூட்டினா, பெருக்குனதுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சத்தானே செய்யும்? அதான் பதினேழோட நிறுத்திட்டேன்."

"சாமி குத்தம் ஆயிராதா?"

"சாமிக்குக் கணக்குத் தெரியும்."

"செவப்பு வந்துச்சுங்கப்பா" என்று அப்பாவிடம் சொன்னாய். அவர் காப்பிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். பத்தொன்பதால் வகுத்து வரும் எண் தொண்ணூற்றேழாகவும் இருநூற்று எழுபத்தேழாகவும் உடையும், அதற்குமேல் உடையாது என்று பிறகொரு நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாய். தலை நரைக்கும்வரை அதே பள்ளியில்தான் இருந்தாய். எனக்கு உன்மேல் அத்தனை பொறாமை.

அடுத்த வருஷம் எனக்கும் அதே மாதிரி ஒரு வரன் வர, பூக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. சாமி வாக்கு என்று வேலையை விட்டுவிட்டு மலையிறங்கினேன். பொட்டலம் கட்டியவர் என் மாமா. எடுக்காத பொட்டலத்தை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதிலும் வெள்ளைதான் இருந்திருக்குமோ என்ற எண்ணத்தை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்கு வேண்டிய பதிலை நீயே வைத்துக்கொண்டாய். எனக்கு மாமா வைத்தார் என்றுதான் இப்போதெல்லாம் தோன்றுகிறது. அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம், புள்ள.