முதல் கியரில் அப்பா

வலி இருக்கிறது, பாப்பா. அப்படியானால் ஓடுவதை விட்டுவிடேன் அம்மா என்று நீ போனில் சொன்னபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார், அதனால்தான் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதோ உளறிப் போனை வைத்துவிட்டேன். பதில் இது. நீ சுகமாக இருப்பாய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம், ஒருத்தி நொண்டிக்கொண்டு.

மாரத்தானுக்கு என் பேரைக் கொடுத்தவள் எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரி. நாள் முழுக்க நின்றுகொண்டு ரத்தம் எடுக்கிறீங்க, உங்களுக்கு ஓட்டம் ஒரு விஷயமா அக்கா என்றாள், இரண்டாவது வாரமே முதுகு பிடித்துக்கொண்டது என்று கழன்றுகொண்டாள். நானும் கழன்றிருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியை மூடியதிலிருந்து மத்தியானம் வரை போர்வைக்குள் கிடக்கிற மனுஷன், விடியுமுன் குளித்துவிட்டு ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நிற்கிறார். தனியாப் போகாத, நாய் துரத்தும், நான் பின்னாடி வரேன் என்றார். ஓடினேன்.

அதிலிருந்து ஞாயிறென்றால் இதுதான். நான் முன்னே, அவர் தண்ணீர் பாட்டில்களோடு பின்னே. பேசிக்கொண்டே வருவார். காலைத் தூக்கிப் போடு, தேய்க்காத. அந்தா தெரியுதே, அந்தக் கட்டடத்துல லிஃப்ட் நான் மாட்டினது. உன் பொண்ணும் இப்படித்தான் ஓடுவா, வாத்து மாதிரி. வாரம் முழுக்க வாயைத் திறக்காதவர். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது, அது அவருக்கு வசதி போல. மற்ற நாட்களுக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை யாருக்கோ நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது என் முழங்கால் தனியாக நடுங்குகிறது. கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. துவைத்த துணி நாற்காலியிலேயே கிடக்கிறது, அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொள்கிறோம். மாரத்தான் மேல் எனக்கு ஆசை ஒன்றுமில்லை. ரத்து என்று யாராவது சொன்னால் அங்கேயே படுத்துத் தூங்குவேன்.

போன வாரம் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. கிளட்ச் கருகிப்போயிற்றாம். என் வேகத்துக்கு முதல் கியரைத் தாண்டவே முடியாதே, மாதக்கணக்காக அப்படியே உருட்டியிருக்கிறார். ஊர்வலத்துக்கா விட்டீங்க சார் என்று மெக்கானிக் கேட்டாராம். இல்லப்பா, சம்சாரத்துக்கு என்றாராம் இவர். சரி, முடிந்தது, இனி இரண்டு பேரும் போர்வைக்குள் என்று நினைத்தேன். அதில் பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதே. ஞாயிறு காலை பாட்டில்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, நான் பஸ்ல முன்னாடி போறேன், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கறேன், நீ வா என்றார்.

முதல் இரண்டு ஸ்டாப்பிலும் நின்றார். மூன்றாவது ஸ்டாப் பாலத்தை ஒட்டி இருக்கிறது, அங்கே தண்ணீர் குடித்துவிட்டு நான் திரும்பவேண்டும். ஆள் இல்லை. அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நின்றேன். பாலத்துக்கு ஏறிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். தண்ணீர்தான். வேறொன்றும் இல்லை. என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன், உனக்கும் தெரியும். திரும்பவில்லை. அந்த பஸ் போகிற வழியிலேயே ஓடினேன். தூரம் எவ்வளவு என்று தெரியவில்லை, இதுவரை அவ்வளவு தூரம் ஓடியதில்லை.

பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் தூங்கிவிட்டாராம். எழுந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வரலாம் இல்லையா. அவ தேடிக்கிட்டு ஓடி வந்துருவா பாருங்க என்று அவர்களோடு ஒரு டீக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், சொன்னேன்ல என்று கண்டக்டர் தோளில் தட்டிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ஒரு வருஷம் இருக்கும். அறையலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தேன், வெந்நீராக ஆகியிருந்தது. இவ்வளவு நேரமா என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில், ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க என்று கேட்டார். பாலத்துல உங்களைத் தேடினேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, இனிமே தூங்க மாட்டேன் என்றார்.

அதனால் ஓடுகிறேன் பாப்பா. அடுத்த முறை போன் செய்தால் என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. அவரிடம் கேள், எந்த ஸ்டாப்பில் நிற்கப்போகிறீர்கள் என்று. நீட்டி முழக்குவார், அவசரப்படாமல் கேட்டுக்கொள். குளிருக்கு எடுத்துக்கொண்டு போன சட்டையைப் போடு, பையிலேயே வைத்திருக்காதே. நல்ல வேலை, நல்ல தூக்கம், சண்டை போட்டாலும் விட்டுப்போகாத இரண்டு சிநேகிதிகள், இவையெல்லாம் உனக்கு அமையட்டும்.

உன்
அம்மா

பி.கு. தபாலில் சேர்த்துவிடலாம் என்று எழுந்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன்.