இரண்டு அங்குலம் குட்டையான துப்பாக்கி

என் பேச்சை ஒருநாளும் கேட்காமலே போய்ச் சேர்ந்த என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டீர்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது நான்தானே? நாலு மாதமாக உங்கள் துப்பாக்கிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு டெல்லி முழுக்க அலைகிறேன். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாதாம். வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். அதுவரை கரோல் பாக்கில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருக்கிறேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அந்தச் சனியனைத் தலைமுழுகிட்டு வாடி."

அம்மா சொல்வதில் என்ன தப்பு? ராணுவமே வேண்டாமென்று கழித்துப்போட்ட ரைஃபிளை ஒரு சுபேதார் மனுப்போட்டு, காத்திருந்து வாங்கி வருவாரா? வாங்கியதும் சும்மா வைத்தீர்களா? அதே கடையில் தோளில் பதியும் பின்கட்டையை மாற்றிப் புது வால்நட் கட்டை போடச் சொல்லி, அதைத் தேய்த்து மெருகேற்றுகிறேன் என்று துவாரகா ஃபிளாட்டின் பால்கனியைப் பட்டறையாக்கினீர்கள். எண்ணெய் நாற்றம் தாங்காமல் மேல்வீட்டு ஆன்ட்டி சொசைட்டியில் புகார் கொடுத்தார். துடைக்கத் துணி வேண்டுமென்று அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கிழித்தீர்களே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

என் கோபம் வேறு. ஒருநாள் என்னை உட்காரவைத்து, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை டேப் வைத்து அளந்தீர்கள்.

"எதுக்குப்பா?"

"ஒனக்குக் கம்ப்யூட்டர் மேசை அடிக்கப் போறேன் ஆத்தா. கை வலிக்குதுங்கிறேல்ல."

மூன்று வருடமாயிற்று. மேசை எங்கே? இன்றுவரை சாப்பாட்டு மேசையில்தான் என் ஆபீஸ். ஆனால் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கிளம்பும்போது ஞாயிறு தவறாமல், "ரேஞ்சுக்கு வாரியா ஆத்தா?" மட்டும் வந்துவிடும். "வேற வேலை இல்லையாப்பா ஒங்களுக்கு?" என்று நானும் தவறாமல் கேட்பேன். தனியாகப் போய்ச் சுட்டுவிட்டு மூக்கு சிவந்து வருவீர்கள். கேட்டால் வெயில் என்பீர்கள்.

முந்தாநாள் விற்கத்தான் போனேன். வாங்க வந்தவர் தோளில் வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்கார சர்தார்ஜி பெருமூச்சு விட்டார். "யாருக்கும் ஒத்துவராது மகளே. பின்கட்டை ரெண்டு அங்குலம் குட்டை. இதுல சுட்டா கட்டைவிரல் வந்து மூக்குல இடிக்கும். வேண்டாம் சாப்னு உங்கப்பாகிட்ட எவ்வளவோ சொன்னேன், கேட்கலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறடி மனிதருக்கு எதற்குக் குட்டைக் கட்டை? நல்ல பொருளைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் பிறப்பாரா என்று கடையில் நின்று கத்தினேன். சர்தார்ஜி தோட்டா இல்லையென்று திறந்து காட்டிவிட்டு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "தோள்ல வெச்சுப் பாரு."

வைத்தேன் அப்பா. கட்டை தோளில் போய் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் பதிந்தது. விரல் தானாக விசையருகே போய் நின்றது.

"அச்சா," என்றார் அவர். "முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும் அளந்துதான் கட்டை வெட்டுவோம். சாப் ஒரு சீட்டுல அளவு எழுதிட்டு வந்தார். யாரோடதுன்னு கேட்டேன், சிரிச்சார்."

வாயைத் திறந்து சொன்னால் என்னப்பா? "ஒனக்காகத்தான் ஆத்தா" என்று ஒரு வார்த்தை? சொல்லியிருந்தால் ஒரு ஞாயிறாவது வந்திருக்க மாட்டேனா? என் அளவுத் துப்பாக்கியில் மூக்கை இடித்துக்கொண்டு எத்தனை ஞாயிறு சுட்டீர்கள்? கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், சர்தார்ஜி பதறிப்போய் முகம் துடைக்கக் கொடுத்தது துப்பாக்கி துடைக்கும் துணி. முகமெல்லாம் எண்ணெய்.

விற்கவில்லை. உரிமத்தை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாக அம்மா என்னோடு பேசுவதில்லை, அந்தப் பழியும் உங்களுக்கே. முதலில் பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமாம். வரும் ஞாயிறு ரேஞ்சுக்குப் போகிறேன், சத்தியமாக. மேசையை நானே கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் அளவெடுத்த மகள்,
தமிழ்ச்செல்வி