காப்புறுதி என்று எழுதிய பலகை

என்றைக்கும் எனக்கு மூத்தவரான, பாலத்தடித் திரீவீல் ராஜா அண்ணனுக்கு,

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னவற்றில் பாதி பிழையாக இருக்கும். வெண்டிக்காய் ஊறிய தண்ணீரில் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, போய்விடும் என்று குடும்பக் குழுவில் போட்டது நீங்கள்தான். போனைத் தலைமாட்டில் வைத்தால் ஞாபகம் போய்விடும் என்றதும் நீங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே "ஆதாரம் எங்கே?" என்று எழுதியது நான். ஆனாலும் நம் ஊர் கட்டுகஸ்தோட்டையில் யாருக்காவது ஒரு பிரச்சினை என்றால் பாலத்தடிக்கு உங்களைத் தேடித்தான் வந்தார்கள். என்னை ஒருவரும் தேடவில்லை. ஏன் அண்ணே?

போன வருடம் நீங்கள் எங்களை விட்டுப் போனபோதே இதை யோசித்தேன். அப்போது அது வெறும் யோசனை. இப்போது அவசரமாகிவிட்டது. காரணம் அண்ணி.

அரசாங்கம் சுகாதார சேவையைச் சீர்திருத்தப் போகிறது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்கில் குடும்பமாகப் பெயர் பதிய வேண்டும். சாதாரண வருத்தங்களுக்கு முதலில் அங்கே போக வேண்டும். தேவையென்றால் அவர்களே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இது நல்லதா, கெட்டதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. டொக்டர்மார் போதுமா, மருந்து போதுமா என்று கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க ஒரு குரல்பதிவுதான் சுற்றுகிறது.

யாரோ ஓர் ஆண். பெயர் சொல்லவில்லை. நல்ல கணீரென்ற குரல். "அடுத்த மாசத்திலேருந்து காப்புறுதி இல்லாதவங்களுக்கு கிளினிக்ல மருந்து கெடையாது. பேரு பதிஞ்சீங்கன்னா அதோட பெரியாஸ்பத்திரி வாசல மிதிக்க ஏலாது. நம்பலன்னா போட்டோவப் பாருங்க. அஞ்சு பேருக்கு அனுப்புங்க."

போட்டோ பொய்யில்லை, அதுதான் வினை. நம் கிளினிக் வாசலில் புதிதாக நட்ட பலகை. சிங்களத்தில் 'சௌக்ய ஆரக்ஷண' என்று இருக்கிறது, சுகாதாரப் பாதுகாப்பு. ஆரக்ஷண என்றால் பாதுகாப்பு, வெறும் ரக்ஷண என்றால் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ். மொழிபெயர்த்தவருக்கு முன்னால் நின்ற 'ஆ' கண்ணில் படவில்லை. தமிழில் 'சுகாதாரக் காப்புறுதிப் பதிவு' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பலகைகளைப் பார்த்து பஸ்ஸில் நாம் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம்? இந்தத் தரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய்க்கு உண்மையான படம் கிடைத்துவிட்டது.

அண்ணி கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. போன வாரம் நான் குண்டசாலை வீட்டிலிருந்து அவரைப் பார்க்க வந்தபோது, சமையலறையில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"முழுசா போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்ல. பாதி பாதியா போட்டா கொஞ்ச நாளைக்கி ஓடும்."

"தலை சுத்துதா?"

"எந்திரிக்கும்போது மட்டுந்தான். நீ டீயக் குடி."

வாசற்படியில் கால் வைக்க அவர் சுவரைப் பிடித்ததைப் பார்த்தேன். கடைசி நாளில் உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதே படியால்தான்.

கிளினிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். தமிழ் எங்கிருந்தோ எழுதி வந்தது, தங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் இதைப் பற்றிக் கூட்டம் என்று கேள்விப்பட்டு அண்ணியோடு அங்கேயும் போனேன். நான் கூட்டங்களில் எழுந்து பேசுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்தேன். சுவரில் கிடந்த கரும்பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி விளக்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர் ஞாயித்துக்கெழமையும் பாடம் எடுக்குறாங்கடோய்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைக்காரர் சித்தீக் நானா சிரிக்கவில்லை. அக்குறணைக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் உங்கள் திரீவீலில்தானே போவார். அவர் மனைவிக்கும் சீனி வருத்தம். மெதுவாக எழுந்து கேட்டார்.

"தங்கச்சி, நீங்க படிச்ச ஆள். இண்டைக்கி காப்புறுதி கேக்க மாட்டாங்க, சரி. நாளைக்கி கேக்க மாட்டாங்கண்டு உங்களுக்குச் சொல்ல ஏலுமா?"

"ஏலாது நானா. எனக்குத் தெரிந்தவரைக்கும் இன்றைக்கு அப்படி ஒன்றுமில்லை. நாளைக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது."

நான் உண்மையைச் சொன்னேன். அதோடு கூட்டம் கையை விட்டுப் போனது. திரும்பி வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அந்தாளு எவ்வளவு உறுதியா சொல்றாரு. நீ என்னடான்னா 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்'ங்கற. நா யார நம்புறது?"

"அந்தாளு யாரென்றே தெரியாதே அண்ணி."

"தெரியாதுதான். ஆனா அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே."

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு நினைவு வருவது நீங்கள் சொன்னது எதுவுமில்லை. கிளினிக் வாசலில் திரீவீலை நிறுத்திவிட்டு, கூட்டி வந்த ஆட்களோடு உள்ளே போய் நீங்களும் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்களே, அதுதான். "ஏன் அண்ணே, நேரம் போகுதே" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "வெளிய நின்னா எனக்கென்ன தெரியப் போகுது?" என்பீர்கள். ஆதாரம் கேட்ட நானும் அந்தக் கிளினிக்குக்குள் இதுவரை போனதில்லை. இதுதான் என் கேள்விக்குப் பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்து பார்க்கக்கூடியது இது ஒன்றுதான்.

ஆகவே உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நாளைக்கு கிளினிக் நாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன். அண்ணியோடு உள்ளே போய், அவர் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். தெரியாததைத் தெரிந்ததாக ஒருபோதும் சொல்ல மாட்டேன், யார் சிரித்தாலும் சரி. அந்தப் பலகையில் சொல் மாறும்வரை ஓயவும் மாட்டேன்.

இதற்குக் கீழே உள்ளதை மறுநாள் பின்னேரம் எழுதுகிறேன்.

போனோம். அண்ணி பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் ஒன்றும் விளக்கவில்லை. "உள்ளே போய்க் கேட்போம்" என்று மட்டும் சொன்னேன். அவரே முன்னால் போய், தன்னுடைய சிங்களத்தில், "மிஸ், மட்ட ரக்ஷண நே" என்றார். எனக்குக் காப்புறுதி இல்லை.

தாதி நிமிர்ந்து பார்த்தார். "மொன ரக்ஷணயக்த அம்மே?" என்ன காப்புறுதி அம்மா? பிறகு தமிழில், "காசு ஒண்ணும் வேணாம். ஐடி குடுங்க, ஒக்காருங்க" என்றார். பெரியாஸ்பத்திரிக்கு இனிப் போக முடியாதா என்று நான் கேட்டேன். "யார் சொன்னது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவசரமென்றால் நேரே போகலாம், மற்றதுக்கு நாங்களே துண்டுச் சீட்டு எழுதித் தருவோம் என்றார்.

பிரஷர் கூடியிருந்தது. மாத்திரையை நறுக்கிய கதையைக் கேட்டு டொக்டர் அண்ணியை நன்றாக ஏசினார். ஒரு மாத்திரை கையிருப்பில் இல்லை. அதை வெளியில் வாங்கினோம்.

பார்மசி வாசலிலேயே அண்ணி போனை வாயருகே வைத்துப் பேசத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை.

"நா பாலத்தடி ராஜா பொஞ்சாதி பேசுறேன். கிளினிக்குக்குள்ள போயிட்டு வந்துதான் சொல்றேன். காப்புறுதி ஒண்ணும் கேக்கல. ஒரு மாத்திரை இல்லன்னுட்டாங்க, அத வெளிய வாங்குனோம். டொக்டர் ஏசுறாரு, ஆனா நல்ல மனுசன். நாளைக்கி என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது, எங்க சுமதிக்கும் தெரியாதாம். இன்னிக்கி இப்பிடித்தான். அஞ்சு பேருக்கு அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து சேருமுன் அண்ணியின் போனுக்கு சித்தீக் நானாவிடமிருந்து பதில் வந்தது. உண்மையா, பொய்யா என்று அவர் கேட்கவில்லை. "தங்கச்சி, எத்தன மணிக்குப் போனா நம்பர் கெடைக்கும்?"

"விடிய வாங்க நானா, நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். அந்த 'நாங்க'வில் நானும் உண்டா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பலகை அப்படியேதான் நிற்கிறது. அடுத்த கிளினிக் நாளுக்கும் லீவு எழுதிவிட்டேன்.

இன்னும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கச்சி,
சுமதி