வலை அறைக் கதவைக் கழற்றின கதை

சல்லி,
திருகோணமலை.
14.06.1998

அன்புள்ள மகள் ரூபிக்கு,

இஞ்ச எல்லாரும் உயிரோட இருக்கிறம், இந்தக் காலத்தில அதைத்தான் சுகம் எண்டு எழுத வேண்டிக்கிடக்கு. நீயும் மருமகனும் பேத்தி நிறோஜியும் அங்க நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு முத்துமாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதத் தொடங்கிறன். உன்ர கடிதம் வந்தது. அம்மா உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை, ஊர்ச்சண்டையை இழுத்து வைச்சிருக்கிறியளாம் எண்டு எழுதியிருக்கிறாய். அதை வாசிச்சு எனக்கு வந்த எரிச்சலில அடுப்பில கிடந்த சோறும் அடிப்பிடிச்சுப்போச்சு. உனக்கு ஆர் என்ன எழுதினதோ தெரியாது, நடந்ததை நடந்தபடி நான் எழுதுறன், ஆரில பிழை எண்டு நீயே சொல்லு.

கடலுக்குப் போறதுக்கு நேவியிட்டப் பாஸ் எடுக்கவேணும் எண்டு வந்தாப் பிறகு ஆம்பிளையளின்ர உழைப்புக் காணாது, பொம்பிளையள் நாங்களும் காலமையில கரையில கருவாடு போடுறம். அந்த நேரம் பிள்ளையள் மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில நடக்கிற பாலர் பாடசாலையில. படிப்பிக்கிறது யோகமலர் ரீச்சர், நீ வெளிநாடு போனாப் பிறகு கட்டைபறிச்சானில இருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. அவ டவுனில ஒரு பயிற்சிக்குப் போட்டு வந்து பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தவ, உங்கட உடம்பு உங்கடது, உடுப்பு மூடுற இடத்தை விளையாட்டுக்கெண்டும் ஆரும் தொடக்கூடாது, தொட்டுப்போட்டு ஒருத்தருக்கும் சொல்லாத எண்டால் கட்டாயம் சொல்லவேணும், ஒராள் கேக்காட்டி அடுத்த ஆளிட்டச் சொல்லவேணும் எண்டு. இதில என்ன பிழை? அதுக்கு எங்கட ஆக்கள் குதிச்ச குதி! சின்னஞ்சிறுசுகளுக்குக் கண்டதையும் படிப்பிக்கிறாளாம். சங்கத் தலைவர் சின்னப்போடியார் வந்து, ஷெல் விழுந்தால் எங்க படுக்கிறது எண்டதை மட்டும் சொல்லிக்குடு, அது காணும் எண்டிட்டுப் போனவர்.

அதே கட்டடத்தில சங்கத்தின்ர வலை அறையும் இருக்கு, அங்க வலை, சாமான் எல்லாம் பொறுப்பாப் பாக்கிறது குலசிங்கம், அப்பாவோட தோணியில போறவர், உனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு இனிப்புக் குடுப்பார், சைக்கிளில ஏத்தி ஓடுவார், தங்கமான மனிசன் எண்டு ஊரே சொல்லும். ஒரு நாள் நான் மீன் பிரட்டிக்கொண்டு நிக்கிறன், எங்கட ஒழுங்கைப் பிள்ளை ஒண்டு, ஆறு வயசும் நிரம்பேல்லை, பேர் எழுதமாட்டன், இந்தக் கடிதத்தை வழியில எத்தினை பேர் உடைச்சு வாசிப்பாங்களோ, வந்து என்ர சீலையைப் பிடிச்சு இழுக்குது. மாமி, குலசிங்கம் மாமா வலை அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திப்போட்டுத் தொடக்கூடாத இடத்தில தொடுறவர், அம்மாட்டச் சொன்னனான், வாயில அடிச்சவ, சித்தியிட்டச் சொன்னனான், வெளியில சொல்லாத எண்டவ, அதால உங்களிட்ட வந்தனான் எண்டுது. மீனை அப்பிடியே போட்டிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில குந்தினன். பிள்ளையைத் துருவித் துருவிக் கேக்கக்கூடாது எண்டு ரீச்சர் தாய்மாருக்கும் சொன்னவ. நீ சொன்னது நல்லது, உன்னில ஒரு பிழையும் இல்லை எண்டு மட்டும் சொன்னனான். அதுவரைக்கும் அழாத பிள்ளை அதுக்குப் பிறகுதான் அழுதது.

தாயைச் சொல்லி இணங்கவைச்சு, ரீச்சரையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனால், இந்தப் பிரச்சினையான நேரத்தில பொலிசுக்குப் போனால் பெடியளைத்தான் அள்ளிக்கொண்டு போவாங்கள், பிள்ளையின்ர பேரும் கெட்டுப்போம், எங்களுக்குள்ள கதைச்சு முடிப்பம் எண்டினம். உன்ர அப்பா சொன்னதைக் கேள், என்ர முகத்துக்காக விடு எண்டவர்! உங்கட முகம் பெரிசோ அந்தப் பிள்ளை பெரிசோ எண்டு கேட்டன், பிறகு வீட்டில கதைபேச்சு இல்லை. கதைச்சு முடிக்கிறது எண்டால் அந்தாளுக்கு அடுத்த பிள்ளையைக் குடுக்கிறது எண்டுதானே கருத்து? மற்ற நாள் ஒரு பொம்பிளையும் கரைக்கு இறங்கேல்லை, ஒரு பிள்ளையும் பள்ளிக்குப் போகேல்லை. பிடிச்ச மீனெல்லாம் கரையில கிடந்து நாறின பிறகுதான் சின்னப்போடியாருக்கு மூளை வேலை செய்தது, பொலிசுக்குப் போங்கோ எண்டவர். நாங்கள் பிள்ளையை பஸ்ஸில டவுனுக்குக் கொண்டுபோனம். செக்பொயின்ற்றில ஆமிக்காரர் இறக்கி ஏத்தினாங்கள், தாய் என்ர கையை விடேல்லை. ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் அம்மா பிள்ளையைப் பயப்பிடுத்தாமல் பார்த்தவ, பிள்ளையளின்ர விசயம் பாக்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் எங்களோடயே பொலிசுக்கு வந்தவர். குலசிங்கத்தை இப்ப மறியலில அடைச்சு வைச்சிருக்கினம், வழக்கு நடக்குது. அதுக்குப் பிறகு இன்னும் ரெண்டு தாய்மார் என்னட்ட வந்து அழுதவை.

வலை அறைக் கதவை உன்ர அப்பாதான் கழற்றினவர். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கழற்றிப்போட்டு வந்து சோறு கேட்டவர். இப்ப முறை வைச்சு ரெண்டு தாய்மார் பள்ளியில நிக்கிறம், ஆரும் ஒரு பிள்ளையையும் தனியக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வருது, பாட்டும் பாடுது. ஆனால் எங்கட சனத்துக்கு ரீச்சரில இருக்கிற கோபம் இன்னும் தீரேல்லை, அவ வந்துதானாம் ஊர் கெட்டது. இவையளோட நான் எவ்வளவுக்கெண்டு கத்துறது?

இப்ப உன்ர கதைக்கு வாறன். ரெண்டு பேருக்கும் வேலை நேரம் மாறிப்போச்சு, நிறோஜியை மேல் அறையில வாடகைக்கு இருக்கிற அண்ணையிட்ட விட்டிட்டுப் போறன், பக்தியான மனிசன் எண்டு கடைசியில சும்மா ஒரு வரி எழுதியிருக்கிறாய். அவரை நான் கெட்டவர் எண்டு சொல்லேல்லை, கண்டதும் இல்லை. ஆனால் நீயும் அவரை எவ்வளவு கண்டனி? நாலு பேர் நிண்டு பாக்கிற இடத்தில பிள்ளையை விடு, சொல்லாமல் கொள்ளாமல் இடைக்கிடை போய்ப் பார். இதெல்லாம் சொன்னால் பிள்ளை பயப்பிடும் எண்டு எனக்கு எழுதாத, றோட்டுக் கடக்கிறதைச் சொல்லிக்குடுக்கேக்க பயந்தவளோ? ரீச்சர் சொன்னதை நீயும் அவளை மடியில இருத்திச் சொல்லு.

அம்மன் உங்கள் மூண்டு பேரையும் காப்பாத்தட்டும். குளிருக்கு ஒழுங்கா உடுத்துங்கோ, மருமகனையும் கேட்டதாகச் சொல்லு. ஒண்டை மட்டும் மறந்துபோகாத மகள், நிறோஜி ஏதும் சொல்ல வந்தால் கையில இருக்கிற வேலையை வைச்சுப்போட்டுக் கேள். நீ கேக்காட்டி அடுத்ததாய்ப் போய்ச் சொல்லுறதுக்கு அங்க அவளுக்கு ஆர் இருக்கினம்?

உன்னை நினைச்சபடி,
அம்மா
அன்னப்பிள்ளை